உடைந்த ஊசிப் பதிவேடு: மென்பொருள் வழங்கல் சங்கிலியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நல்லூர், திருப்பூரிலிருந்து காங்கயம் போகிற சாலையில் இருக்கிறது. 2011வரை தனி நகராட்சி. இப்போது திருப்பூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்த காலத்தில் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். தைப்பதோ வெட்டுவதோ இல்லை, பதிவேடு எழுதுவது. வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வரும்போது காட்டுவதற்கான வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் பதிவேடு, தீயணைப்புப் பயிற்சிப் பதிவேடு. 'தமிழ் படிச்ச பையன், கையெழுத்து நல்லாருக்கு' என்பதுதான் அந்த வேலைக்கு எனக்கிருந்த தகுதி.

அவற்றில் ஒன்றின் பெயர் உடைந்த ஊசிப் பதிவேடு. இந்தத் தொழிலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தையல் மிஷினில் ஊசி உடைந்தால் ஒரு துண்டு துணிக்குள் போய்விடலாம். குழந்தைகள் உடுப்பென்றால் அது ஆபத்து. ஆகவே விதி இது: ஊசி உடைந்ததும் மிஷின் நிற்க வேண்டும். துண்டுகள் அத்தனையும் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்த்துப் பார்த்து, செலோ டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். பக்கத்தில் தேதி, நேரம், மிஷின் எண், டெய்லர் பெயர். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டு முழுவதையும் தனியே வைத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும்.

கன்டெய்னர் கிளம்ப வேண்டிய ஒரு நாள் சாயங்காலம், ஓவர்லாக்கில் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. டெய்லர் அக்கா வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். முனை கிடைக்கவில்லை என்று அவரே வந்து சொன்னார். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்பா, பழைய ஊசி ஒண்ண உடைச்சு முனையை ஒட்டிவிட்ரு. இதுக்கெல்லாம் வண்டிய நிறுத்த முடியுமா?" என்றார். ஒட்டினேன். நேரம், மிஷின் எண், அக்கா பெயர் எல்லாம் என் நல்ல கையெழுத்தில்.

அந்த முனை பிறகு ஒரு பீஸில் அகப்பட்டது. விசாரணை வந்தது. பதிவேட்டில் அன்றைக்கு உடைந்த ஊசி முழுசாக இருக்கிறது. துணியிலும் ஒரு முனை இருக்கிறது. அப்படியானால் என்ன அர்த்தம்? அந்த அம்மா இன்னொரு ஊசியையும் உடைத்து, சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று அர்த்தம். "கெடைக்கலைன்னு நா அன்னைக்கே சொன்னேங்க" என்றார் அக்கா. அவர் வாய்ச்சொல்லுக்கும் என் எழுத்துக்கும் நடந்த வழக்கில் எழுத்து ஜெயித்தது. அந்தச் சனிக்கிழமை கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இதை இங்கே எழுதுவது பாவமன்னிப்புக்காக இல்லை. சரிபார்ப்பு என்கிற ஏற்பாடு யாருக்காக உண்டாக்கப்படுகிறது, அது பொய்த்துப்போகும்போது யார் தலையில் விடிகிறது என்கிற கேள்வி எனக்கு அங்கேதான் பிடிபட்டது. பிறகு எதிர்பாராத ஓரிடத்தில் அதே கேள்வியைத் திரும்பவும் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த இடத்தின் வரலாறு பற்றியது.

2

என் சித்தி பையன் ஒருத்தன் கோயம்புத்தூரில் மென்பொருள் பொறியாளனாக இருந்தான். ஏழெட்டு வருஷம் நிரல் எழுதியவன், இப்போது அதை விட்டுவிட்டு 'சப்ளை செயின் செக்யூரிட்டி'யில் ஆராய்ச்சி பண்றேன் என்றான். சப்ளை செயின் என்றதும் நான் நூல், சாயம், கன்டெய்னர் என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லீங்ண்ணா. நாங்க எழுதறது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் வெளிய இருந்து எடுத்துச் சேத்தறது. எவனோ எங்கயோ எழுதி வச்சது. அவனும் இன்னொருத்தன்கிட்ட இருந்து எடுத்திருப்பான். உங்க பனியன் கம்பெனியாட்டத்தான். நிட்டிங் ஒருத்தன், டையிங் ஒருத்தன், ஸ்டிச்சிங் ஒருத்தன். பேரு மட்டும் கம்பெனி பேரு."

அவன் விளையாட்டாகச் சொன்ன ஒப்புமையை நான் கொஞ்சம் கடுமையாகவே எடுத்துக்கொண்டேன். நம் சூழலில் மென்பொருள் என்றால் ஒன்று அறிவுப் பொருளாதாரம் என்கிற புகழ்ச்சி, இல்லாவிட்டால் கைபேசி வந்து கலாச்சாரம் கெட்டது என்கிற புலம்பல். இரண்டுமே அதை உழைப்பின் விளைபொருளாகப் பார்ப்பதில்லை. பண்டத்துக்குள் உழைப்பு எப்படி மறைந்துபோகிறது என்று மார்க்ஸ் எழுதியதை பனியனுக்குப் பொருத்திப் பார்க்கத் தெரிந்த நம் தோழர்கள், அதை நிரலுக்குப் பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1984ஐ எடுத்துக்கொள்வோம். திருப்பூர் வரலாற்றில் அது பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தின் ஆண்டு. அந்தப் போராட்டத்துக்குப் பிறகு ஒரே கூரைக்குக் கீழ் எல்லா வேலையும் நடக்கிற கம்பெனி என்பது மெல்ல உடைந்து, பவர்டேபிள், ஜாப் ஒர்க், கான்ட்ராக்ட் என்று வேலை சிதறியதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஷரத் சாரியின் 2004ஆம் ஆண்டுப் புத்தகம் இதில் முக்கியமானது. தொழிலாளி ஒன்றாகக் கூடுகிற இடம் கலைந்தது. கூடவே இன்னொன்றும் கலைந்தது: இந்தப் பீஸை யார் தைத்தது என்கிற அறிவு.

அதே 1984 ஆகஸ்டில் அமெரிக்காவில் கென் தாம்ஸனின் உரை ஒன்று அச்சானது. யூனிக்ஸை உருவாக்கியதற்காக டென்னிஸ் ரிச்சியோடு டூரிங் விருது பெற்றபோது அவர் ஆற்றிய உரை. மூன்றே பக்கம். மனிதர் எழுதுகிற மூலநிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித்தருவது கம்பைலர். அதுவும் ஒரு நிரல்தான். அதையும் ஒரு கம்பைலர்தான் மாற்றித்தர வேண்டும். தாம்ஸன் காட்டியது இது: கம்பைலருக்குள் ஒரு திருட்டு வேலையை வைக்கிறோம். கடவுச்சொல் கேட்கிற நிரலைக் கண்டால் அதில் ஒரு கள்ளச்சாவியைச் சேர்த்துவிடும். தன்னையே, அதாவது கம்பைலரையே, மாற்றித்தரும்போது இதே திருட்டு வேலையைப் புதுசுக்குள்ளும் வைத்துவிடும். இப்போது மூலநிரலிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். படிக்கிறவன் எத்தனை முறை படித்தாலும் மூலம் சுத்தம். ஓடுவது மட்டும் களவு.

(இந்த யோசனையின் வித்து அமெரிக்க விமானப்படைக்காக கார்கரும் ஷெல்லும் 1974இல் எழுதிய மல்டிக்ஸ் பாதுகாப்பு மதிப்பீட்டில் இருக்கிறது. தாம்ஸனே விமானப்படை ஆவணம் ஒன்றிலிருந்துதான் இதை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.)

பதிவேட்டில் முழு ஊசி, துணியில் முனை. தாம்ஸன் பேசுவதும் இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. வாசிக்கக் கிடைக்கிற பிரதி வேறு, செயல்படுகிற பொருள் வேறு. பிரதியை மட்டும் நெருங்கி வாசித்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிற தமிழ் விமர்சகர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. தாம்ஸன் வந்துசேர்கிற முடிவு, நீங்களே முழுக்க எழுதாத எந்த நிரலையும் நம்பமுடியாது, எழுதியவர்களை நம்புவதா என்பதுதான் கேள்வி என்பது. தொழில்நுட்பம் இங்கே சமூகவியலாகிவிடுகிறது. யாரை நம்புவது? எதன்பேரில்?

3

அந்தக் கேள்வி கால் நூற்றாண்டு கிட்டத்தட்டத் தூங்கியது. இதற்கிடையில் உலகம் மாறிப்போனது. 1991இல் லினக்ஸ் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய நிரல்களைப் பொதுக்களஞ்சியங்களில் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு பரவியது. களஞ்சியத்தின் நகல்களைப் பல ஊர்களில் இலவசமாக வைத்துத் தருவதற்குத் தன்னார்வலர்கள் இருந்தார்கள்.

2008இல் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் காப்போஸும் கூட்டாளிகளும் ஒரு காரியம் பண்ணினார்கள். இல்லாத ஒரு கம்பெனியின் பெயரையும் இல்லாத ஒரு நிர்வாகியின் பெயரையும் சொல்லி, ஒரு கணினியை வாடகைக்கு எடுத்து, நாங்களும் நகல் வைத்துத் தருகிறோம் என்று உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்ற பெரிய விநியோகங்களுக்கு விண்ணப்பித்தார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஆயிரக்கணக்கான கணினிகள் அந்த முகவரிக்கு வந்து நிரல் வாங்கிப் போயின. அவற்றில் அரசு, ராணுவக் கணினிகளும் இருந்தன. அவர்கள் கெட்ட எண்ணம் உள்ளவர்களாக இருந்திருந்தால்? ஓட்டை உள்ள பழைய நிரலையே 'இதுதான் புதுசு' என்று கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். பழைய நிரலிலும் உண்மையான கையெழுத்து இருக்கிறதே!

இதற்கு விடையாக 2010இல் காப்போஸும் டோர் திட்டத்தைச் சேர்ந்தவர்களும் முன்வைத்த வடிவம் 'டஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. நிரல் புதுப்பிப்புக்கான சட்டகம். நம் ஊர்க் கோயில் உண்டியலை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். உண்டியலுக்கு ஒரே பூட்டுப் போட்டு ஒரே சாவியைத் தர்மகர்த்தாவிடம் கொடுப்பதில்லை. பல பூட்டு, சாவிகள் வேறுவேறு கையில், திறக்கும்போது அறநிலையத்துறை ஆளும் நிற்க வேண்டும். டஃப் அப்படித்தான். எந்தச் சாவி செல்லும் என்று சொல்லும் அதிகாரம் ஒரு வேடம். எந்த நிரல் சரியானது என்பது இன்னொரு வேடம். இந்தப் பட்டியல் இன்றைய தேதிக்குச் செல்லுமா என்பது வேறொன்று. உச்சியில் இருக்கிற வேடத்துக்கு ஒரு கையெழுத்துப் போதாது, இத்தனை பேரில் இத்தனை பேர் போட வேண்டும் என்று வைக்கலாம். முக்கியமாக இதன் அடிப்படை அனுமானம் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாவி என்றைக்காவது களவுபோகும். களவுபோகாமல் பார்த்துக்கொள் என்று உபதேசம் பண்ணுவதை விட்டு, களவுபோன பிறகும் சேதம் எவ்வளவுக்குள் நிற்கும் என்று கேட்கிறது.

இந்த வேலையை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காப்போஸிடம் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடர்ந்தவர்களில் ஒருவர் திரிஷாங்க் கார்த்திக் குப்புசாமி. குப்புசாமி என்கிற பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. ஆய்வறிக்கையின் முதல் பெயராக அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. டஃப்பை அப்படியே ஒரு பெரிய சமூகக் களஞ்சியத்தில் வைக்க முடியாது. தினமும் புதுப்புது ஆட்கள் புதுப்புது நிரல்களைக் கொண்டுவந்து போடுகிற இடத்தில், ஒவ்வொன்றுக்கும் அதிகாரி வந்து சாவி போட்டுக்கொண்டிருந்தால் சந்தையே நின்றுவிடும். சாவியை எப்போதும் கணினியிலேயே சொருகி வைத்தால் பாதுகாப்பு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அதிகாரத்தை எப்படிப் பகிர்ந்து கொடுப்பது என்பதுதான் 2016இல் அவர் முதல் ஆசிரியராக வெளியிட்ட 'டிப்ளமேட்' ஆய்வு. பைத்தான் மொழியின் களஞ்சியத்துக்கு இதைக் கொண்டுவரும் முன்மொழிவு 2013இல் எழுதப்பட்டு, 2020இல்தான் ஏற்கப்பட்டது. ஏழு வருஷம்! நல்ல யோசனைகள் அலுவலகத்தில் காத்திருப்பது நமக்கு மட்டும் உரிய விதி இல்லை போலிருக்கிறது.

2017 ஜனவரியில் இதே குழு, மோட்டார் வாகனங்களுக்குள் ஓடுகிற நிரல்களுக்காக 'அப்டேன்' என்ற வடிவத்தை அறிவித்தது. காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்துகிற நிரலை எவனோ மாற்றி அனுப்பினால் உயிர் போகும் என்பதால் இதில் கூடுதல் அடுக்குகள் உண்டு. பிறகு குப்புசாமி டேட்டாடாக் என்ற நிறுவனத்துக்குப் போனார். அங்கே 2019இல் டஃப்பையும் 'இன்-டோட்டோ' என்ற இன்னொரு ஏற்பாட்டையும் சேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்-டோட்டோவும் காப்போஸ் பட்டறையில் பிறந்ததுதான். சாந்தியாகோ டோரஸ்-அரியாஸ் முன்னின்று செய்தது. திருப்பூர்க்காரனுக்கு இதை ஒரே சொல்லில் விளக்கலாம்: டிசி. நிட்டிங்கிலிருந்து டையிங்குக்குத் துணி போகும்போது டெலிவரி சலான் போகும். இத்தனை ரோல், இத்தனை கிலோ. டையிங்கில் வாங்கினவன் கையெழுத்து, காம்பாக்டிங்குக்கு அனுப்பினவன் கையெழுத்து. எடை குறைந்தால் எந்தக் கைக்கும் எந்தக் கைக்கும் நடுவே குறைந்தது என்று பிடித்துவிடலாம். இன்-டோட்டோ நிரலுக்கு டிசி போடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன உள்ளே வந்தது, என்ன வெளியே போனது, யார் செய்தது என்று அதைச் செய்தவரே மறையீட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கிலோவுக்குப் பதில் கணித முத்திரை. ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை ஒத்துப்போகாது. எல்லாக் கட்டமும் முன்பே எழுதிவைத்த வரைவுப்படி நடந்ததா என்று கடைசியில் வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை.

4

2016 மார்ச்சில் அஸர் கோச்சுலு என்கிற நிரலாளர் ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு தன் நிரல்களைப் பொதுக்களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று வெறும் பதினோரு வரி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்புகிற வேலை. அதை நம்பியிருந்த பெரிய பெரிய மென்பொருள்களைக் கட்டியெழுப்ப முடியாமல் உலகமெங்கும் ஆட்கள் கையைப் பிசைந்தார்கள். கைமடி ஒருநாள் வராவிட்டால் ஓவர்லாக் வரிசையே நிற்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கைமடி நின்றால்தான் கைமடி என்று ஒருத்தி இருப்பதே ஆபீஸுக்குத் தெரியும்.

இந்த அறியாமையைப் பயன்படுத்திக்கொண்டதுதான் 2024இன் எக்ஸ்இசட் விவகாரம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல். லினக்ஸ் ஓடுகிற இடத்திலெல்லாம் இருக்கும். அதை வருஷக்கணக்காகப் பராமரித்து வந்தவர் லாஸ்ஸே காலின். ஒற்றை ஆள், சம்பளம் கிடையாது. 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் தோன்றி உதவி செய்யத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்கு நெருக்கடி வந்தது: ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. (அதில் ஒரு பெயர் ஜிகர் குமார். நெருக்குகிற வாடிக்கையாளர் வேடத்துக்கு நம் நாட்டுப் பெயரைத் தேர்ந்தது யாரோ, தெரியாது. அந்தப் பெயர்கள் எல்லாம் முகமூடிகள் என்றே கருதப்படுகிறது.) காலின், தனக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் வெளிப்படையாகவே பதில் சொன்னார். மெல்லப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் கள்ளக்கதவு வைக்கப்பட்டது. மூலநிரலை வெளிப்படையாகப் படிக்கிற இடத்தில் அதை இயக்கும் வரிகள் இல்லை. சோதனைக்கு வைத்த கோப்பு என்ற பெயரில் ஒளித்து, விநியோகிக்கிற பொட்டலத்தில் மட்டும் இயக்கும் வரிகளைச் சேர்த்திருந்தார்கள். தாம்ஸனின் 1984, நாற்பது வருஷம் கழித்து நடைமுறையில்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை. மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்கிற பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைகிற நேரம் வழக்கத்தைவிடச் சுமார் அரை நொடி கூடுவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார். 2024 மார்ச் 29, புனித வெள்ளியன்று உலகுக்கு அறிவித்தார். அந்தப் பதிப்பு பெரிய விநியோகங்களின் நிலையான வெளியீடுகளுக்குள் போவதற்கு முன்பே பிடிபட்டது. மிஷின் சத்தம் மாறுவதை வைத்தே ஊசி மழுங்கிவிட்டது என்று சொல்கிற டெய்லர்கள் உண்டு. அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜியா டானின் கையெழுத்து உண்மையான கையெழுத்து. அவருக்கு முறைப்படி கொடுக்கப்பட்ட அதிகாரம். டஃப் இருந்திருந்தாலும், அது மட்டும் இதைத் தடுத்திருக்குமா என்பது சந்தேகமே. பொட்டலமும் மூலநிரலும் ஒத்துப்போகவில்லை என்பதை இன்-டோட்டோ மாதிரி ஏற்பாடு காட்டியிருக்கலாம். ஆனால் களவாளி வேறு வழி தேடியிருப்பான். ஏனென்றால் அவன் உடைத்தது பூட்டை இல்லை. உழைத்துக் களைத்த ஒரு மனிதனின் தனிமையை உடைத்தான். அத்தனை பெரிய கம்பெனிகளும் பயன்படுத்திய ஒரு நிரலுக்கு இரண்டாவது ஆள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் அந்த நெருக்கடிக் கடிதங்களுக்கு வேலையே இருந்திருக்காது.

5

பழி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் விவகாரம் வெடித்தது. அந்த நிறுவனத்தின் நிரல் தயாராகிற இடத்திலேயே புகுந்து, புதுப்பிப்புக்குள் நஞ்சு கலந்திருந்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள். அமெரிக்க அரசுத் துறைகள் ஒன்பது உள்ளுக்குள் பாதிக்கப்பட்டன. மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பலவீனமான ஒரு கடவுச்சொல் பற்றிக் கேட்டபோது, முன்னாள் தலைமை அதிகாரி அதை ஒரு பயிற்சி மாணவரின் தவறு என்று சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு வேடசந்தூர் அக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை கடைசியில் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் நின்றது. பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அந்த வங்கிகள் ஒவ்வொன்றிலும் யாரும் புகவில்லை. அவற்றுக்கெல்லாம் தொழில்நுட்பம் தருகிற சி-எட்ஜ் என்ற ஒரு நிறுவனம் பாதிக்கப்பட்டது. அதன் துணை ஒப்பந்தக்காரரிடமிருந்த, சரியாகப் பூட்டப்படாத ஒரு கணினி வழியே களவு நுழைந்ததாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம். எந்த ஊர்ச் சொசைட்டியில் பணம் எடுக்க நின்றவரும் அந்தக் கடைசிக் கம்பெனியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இதற்கெல்லாம் அரசுகள் கண்ட மருந்து, உட்பொருள் பட்டியல். 2021 மே மாதம் அமெரிக்க அதிபரின் ஆணை. 2024இல் செபியின் விதிகளும் சர்ட்-இன்னின் வழிகாட்டுதலும். அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். மென்பொருள் விற்கிறவர் அதற்குள் என்னென்ன நிரல்கள், எந்தப் பதிப்பு, யாருடையது என்று பட்டியல் தர வேண்டும். மெர்ச்சண்டைசர் போடுகிற காஸ்டிங் ஷீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. நூல் எத்தனை கிராம், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி எல்லாம் அதில் இருக்கும். கைமடியின் இரவு சிப்ட் மட்டும் இருக்காது. எக்ஸ்இசட்டுக்குப் பட்டியல் போட்டால் '5.4, லாஸ்ஸே காலின்' என்று வரும். அந்த ஆள் தனியாக இருக்கிறார், களைத்திருக்கிறார் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பட்டியலும் சான்றிதழும் உயிரைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு ஆடைத் தொழிலின் வரலாறு ஒரு எச்சரிக்கை. தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ8000 தரச்சான்று 1997இல் வந்தது. 2012 செப்டம்பர் 11இல் கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு அதே சான்று வழங்கப்பட்டிருந்தது. திருப்பூரின் தரச்சான்று அரசியலை மானுடவியலாளர் கீர்ட் டி நெவ் 2009இல் எழுதினார்: வாங்குகிறவரின் ஒழுக்க விதிகள், கீழே இருக்கிறவர்களைக் கட்டுப்படுத்துகிற அதிகாரமாக எப்படி வேலை செய்கின்றன என்று. நான் எழுதிய பதிவேடுகளும் அந்த அதிகாரத்தின் காகிதங்கள்தான்.

6

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் ஃபூக்கோவைக் கொண்டுவந்து எல்லாப் பதிவேடும் கண்காணிப்பு, ஆகவே நிராகரிப்போம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேட்டு நிற்கிற தொழிலாளிக்கு முதலில் வேண்டியது, தான் இங்கேதான் வேலை பார்த்தேன் என்று சொல்லும் ஒரு தாள். அதைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே கான்ட்ராக்ட் கண்டுபிடிக்கப்பட்டது. பதிவேடு இல்லாத உலகம் சுதந்திர உலகம் ஆகிவிடாது. அதற்கு முன்பிருந்த நம்பிக்கை எப்படிப்பட்டது என்று பார்த்தாலே தெரியும். மாமன் மச்சான் உறவில், ஒரே சாதிக்குள், வாய்ச்சொல்லில் நூலும் கடனும் கைமாறிய நம்பிக்கை அது. ஷரத் சாரி அதைச் சகோதர மூலதனம் என்றார். சகோதரர்கள் யார்? அந்த வாய்ச்சொல் வட்டத்துக்குள் தலித் ஒருவரோ, தைக்கிற பெண் ஒருத்தியோ முதலாளியாக நுழைய எத்தனை வாசல் இருந்தது? மென்பொருள் களஞ்சியங்களிலும் 'நம்மாளு, தெரிஞ்சவன்' என்கிற சகோதரத்துவம் ஒன்று உண்டு; ஜியா டான் மூன்று வருஷம் பொறுமையாகச் சம்பாதித்தது அதைத்தான்.

ஆக நம்பிக்கைக்கு மூன்று கட்ட வரலாறு இருக்கிறது என்று உத்தேசமாகச் சொல்லலாம். உறவின் நம்பிக்கை, காகிதத்தின் நம்பிக்கை, கணிதத்தின் நம்பிக்கை. ஒன்று போய் ஒன்று வரவில்லை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நம் கேள்வி மூன்றுக்கும் பொது: நிரூபிக்க வேண்டியவர் யார்? பனியன் தொழிலின் ஆடிட்டில் எப்போதும் கீழே இருக்கிறவர்தான். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி வெளிநாட்டு பையர்கள் ஆர்டர்களை ரத்து செய்தபோது, அந்த ரத்து நியாயமானதுதானா என்று திருப்பூரிலிருந்து ஆடிட் பண்ண யாரும் போகவில்லை.

இதனால்தான் குப்புசாமியும் காப்போஸும் செய்த வேலையில் எனக்கு ஆர்வம். அவர்களுக்கு இந்த அரசியல் நோக்கம் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வடிவத்துக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது: களஞ்சியத்தையே, அதாவது மேலே இருக்கிறதையே, சந்தேகி. உச்சியில் ஒற்றைக் கையெழுத்தை ஏற்காதே. சாவி தொலைத்தவனைக் குற்றவாளியாக்குவதற்கு முன், ஒரு சாவி தொலைந்தால் எல்லாம் தொலைகிற மாதிரி ஏன் கட்டினாய் என்று கேள். இந்தத் தர்க்கத்தை பனியன் சங்கிலிக்குக் கொண்டுவந்தால் என்னவாகும்? ஆர்டரை ரத்து செய்வதற்கும் விலையைக் குறைப்பதற்கும் பையரின் கையெழுத்தோடு தொழிற்சங்கத்தின் கையெழுத்தும் வேண்டும் என்றால்? ஊசிப் பதிவேட்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த அக்காவின் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும் என்றிருந்திருந்தால்?

கடைசிக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். அவர் போட்டிருக்க மாட்டார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த இன்னொரு சட்டப்படி, துணிகளுக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டு வரப்போகிறது. நூல் எங்கே, சாயம் எங்கே, தையல் எங்கே என்று பனியனின் பூர்வோத்தரம் அத்தனையும் ஒரு குறியீட்டில். மென்பொருளுக்கும் பனியனுக்கும் இடையே என் சித்தி பையன் சொன்ன ஒப்புமை, ஒரே இயந்திரமாக ஆகப்போகிறது. அந்தக் குறியீட்டை இங்கே நல்லூரில் யாராவது ஒரு பையன், நல்ல கையெழுத்துக்காரனோ நல்ல டைப்பிஸ்ட்டோ, உட்கார்ந்து நிரப்புவான். சாயங்காலம் கன்டெய்னர் நிற்கும். அந்த நேரத்தில் 'கெடைக்கலைங்க' என்று சொல்கிற டெய்லருக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு சாவி இருக்குமா, இல்லை அவர் பெயர் மட்டும் இருக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. தொழிற்சங்கங்களும், நிரல் எழுதுகிற நம் பிள்ளைகளும், எழுத்தாளர்களும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் இது. விவாதம் தொடர வேண்டும் என்று விரும்புகிறேன்.